அடியில் எட்டு லித்தர்

உலகநாதன் வாங்கிய மோட்டார் அமெரிக்காவில் செய்தது. புதுச்சேரியில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் ஊருக்குக் கப்பலேறும்போது அதை விற்றுவிட்டுப் போனார். பாகூருக்கு அதற்கு முன் மோட்டார் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. வரும், ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். ஊரிலேயே தங்கிய மோட்டார் இதுதான்.

வண்டியோடு ஒரு புத்தகமும் வந்தது. இங்கிலீஷ் புத்தகம். உலகநாதனுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் செர்த்திபிகா பரீட்சை தேறியவன். இங்கிலீஷ் என்பது பிரெஞ்சுக்கு ஒரு ஏழைச் சொந்தக்காரன் என்பது அவன் எண்ணம். பாதிச் சொற்கள் அதே எழுத்துகளில் இருக்கும்போது மீதியை ஊகிக்க எவ்வளவு நேரமாகும்?

வண்டிக்குப் பூசை போட்ட அன்று, கூடியிருந்த சனங்களுக்குக் கேட்கும்படி அந்தப் புத்தகத்தை விரித்துத் தமிழில் சொன்னான்.

"பெட்ரோல் தொட்டி. பத்து காலன் பிடிக்கும்."

கற்பூரத் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்த அவன் அம்மா விருத்தாம்பாளின் கை அப்படியே நின்றது.

"இன்னாடா பிடிக்கும்?"

"பத்து காலன்மா. அளவு. இங்கிலீஷ்காரன் அளவு."

"நல்ல நாளும் அதுவுமா, பூசை போட்ட வண்டிக்குள்ள பத்து எமனை ஏத்தி உக்கார வெக்கிறியே, உனக்குப் புத்தி இருக்குதா?"

"எம்மா, எமன் இல்லம்மா. இது காலன்."

"காலன்னா வேற யாருடா? பக்கத்து வூட்டுக்காரனா?"

"ஒருத்தனே போதுமே ஆயா, பத்துப் பேரு எதுக்கு?" என்றார் கூட்டத்தில் யாரோ. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. விருத்தாம்பாள் சிரிக்கவில்லை. சக்கரத்தடியில் கூடுதலாக இரண்டு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னாள். இனி இந்த வீட்டில் அந்தப் பேர் எடுக்கக் கூடாது என்று அங்கேயே, அந்தக் கற்பூரத்தின் முன்னாலேயே, முடிவாகிவிட்டது.

உலகநாதனுக்கு இதில் கஷ்டம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு அவனுக்கு மறக்கவில்லை. ஒன்றுக்குப் பிரெஞ்சு அளவில் நாலரை லித்தர், அதற்கு மேல் ஒரு துளி. பத்துக்கு நாற்பத்தைந்தரை. அன்றே புத்தகத்தில் அந்தச் சொல் வந்த இடங்களிலெல்லாம் பென்சிலால் அடித்து, லித்தர் என்று எழுதிவிட்டான்.

அடிக்கும்போது ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. பத்து என்ற எண்ணுக்குப் பக்கத்தில் யு, எஸ் என்று இரண்டு பெரிய எழுத்துகள், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு புள்ளியோடு இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பிரெஞ்சில் வாசித்தான். யூஸ். முகம் மலர்ந்தது.

"பவுனு, இங்க வந்து பாரு. யூஸ்னு போட்டிருக்கான். பிரெஞ்சுல அதுக்கு வழக்கம்னு அர்த்தம். அதாவது வழக்கத்துக்கு இவ்வளவு. அவசரத்துக்கு அடியில தனியா வெச்சிருப்பான். அமெரிக்காக்காரன் லேசுப்பட்டவன் இல்ல."

அவன் மனைவி பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள். எழுத்துகளைப் பார்த்தாள். "ஓ" என்றாள்.

அவசரத்துக்கு அடியில் இருக்கிறது என்பதற்குச் சாட்சியும் கிடைத்தது. புதுச்சேரிப் பெட்ரோல் கடையில், கையால் அடிக்கும் பம்பின் மேல் ஒரு கண்ணாடிக் குடுவை. அது ஐந்து லித்தர் பிடிக்கும். வண்டியில் பெட்ரோல் அளவு காட்டும் முள் பூச்சியத்தைத் தொட்ட பிறகு போனாலும் தொட்டி ஏழு குடுவைதான் குடிக்கும். எட்டாவது குடுவை பாதியிலேயே வழிந்துவிடும். முப்பத்தேழு, மிஞ்சினால் முப்பத்தெட்டு. பிடிப்பதோ நாற்பத்தைந்தரை. அப்படியென்றால் முள் படுத்த பிறகும் அடியில் எட்டு லித்தர் கிடக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல், முள்ளுக்கும் தெரியாமல்.

இந்த எட்டு லித்தர் சீக்கிரமே குடும்பச் சொத்து போல ஆகிவிட்டது. விருத்தாம்பாள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். "முள்ளு இல்லேன்னு சொல்லும். நம்பாதீங்க. அடியில எப்பவும் இருக்குது."

பவுனம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுத்து மட்டும் தெரியும். கல்யாணத்துக்கு முன் புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகளிடம் சில வருஷம் படித்திருக்கிறாள். ஆனால் அந்த இரண்டு எழுத்துகளை அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை மூலையில், குளிக்கத் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய கிருஷ்ணாயில் டின்னில் அவை அழுத்திப் பதித்திருந்தன. அவற்றின் பக்கத்தில் ஐந்து என்ற எண்ணும் இருந்தது. அடிப்பக்கத்தில் அதே எழுத்துகளோடு ஏ ஒன்று கூட. இது அமெரிக்கா எண்ணெய் என்று கடைக்காரர் சொல்லித்தான் விற்பார். வண்டியின் இஞ்சின் மேல் அடித்திருந்த தகட்டிலும் அதே மூன்று எழுத்துகள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த டின்னைக் கடைக்காரர் நாலு காலன் டின் என்றுதான் சொல்வார். கடலூரிலிருந்து வரும் சரக்கு. அங்கே இங்கிலீஷ் அளவு. டின்மேல் ஐந்து, கடைக்காரர் வாயில் நாலு. யார் பொய் சொல்கிறார்கள் என்று அரிசி களையும்போது ஒருநாள் யோசித்தாள். பருப்பு வேகும்வரை யோசித்தாள். குழம்பு இறங்கும்போது தெரிந்துவிட்டது: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பேர் ஒன்று, ஆள் இரண்டு. அமெரிக்காக்காரனுடையது சின்னது, இங்கிலீஷ்காரனுடையது பெரியது. அவனுடைய ஐந்து இவனுடைய நாலு, கொஞ்சம் முன்னே பின்னே. வண்டி அமெரிக்கா வண்டி. அதன் பத்து, சின்னப் பத்து. ஏழரைக் குடுவையோடு தொட்டி நிறைந்தே போகிறது. அடியில் ஒன்றும் இல்லை.

சொல்லிவிடலாம் என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உலகநாதன் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்படியொரு மகிழ்ச்சியான முதுகு. அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பாவம், சந்தோஷமாக இருக்கிறார், எதற்குக் கெடுப்பானேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் பிறகு, புளி கரைக்கும்போது, கொஞ்சம் வெட்கத்தோடு கண்டுபிடித்தாள். வீடே நம்புகிற ஒன்று தப்பு என்று தனக்கு மட்டும் தெரிந்திருப்பதில் ஒரு ருசி இருந்தது. வாயில் அடக்கிய கற்கண்டு மாதிரி. கடித்தால் தீர்ந்துவிடும். அதனால் கடிக்கவில்லை. இப்படி எத்தனையோ கற்கண்டுகளை அந்த வீட்டில் அவள் அடக்கி வைத்திருந்தாள். மாமியார் தன் சமையல் என்று எல்லாரிடமும் சொல்லும் மீன்குழம்பு உண்மையில் யார் வைத்தது என்பது ஒன்று. பாகூர் அவளுக்குப் பிடிக்கவே இல்லை என்பது இன்னொன்று.

இதையெல்லாம் கேட்க ஒருத்தி உலகத்தில் இருந்தாள். வள்ளியம்மாள், கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்தில் பக்கத்து இடம். பவுனம்மாள் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு நிறுத்தினால், மற்றவர்கள் அது முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். வள்ளி மட்டும் முழங்கையால் இடித்து, "அப்புறம்?" என்பாள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் பார்த்தது இரண்டே தடவை.

மாசியில் ஒருநாள் வளையல்காரர் வந்தபோது சொன்னார், வள்ளியம்மாளின் வீட்டுக்காரருக்குச் சைகோனில் வேலை கிடைத்துவிட்டது, வருகிற வியாழக்கிழமைக் கப்பலில் போகிறார்கள் என்று. சைகோன் போனவர்கள் திரும்பி வருவார்கள்தான். பத்து வருஷம், பதினைந்து வருஷம் கழித்து, தங்கப்பல் கட்டிக்கொண்டு, யாரையும் அடையாளம் தெரியாமல்.

பவுனம்மாள் அன்று சாயங்காலம் கணவன் முன்னால் போய் நின்றாள். அவனிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாததால் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டாள்.

"வியாழக்கிழமை நான் வள்ளியைப் பாக்கணும். கப்பல் ஏறதுக்குள்ள."

உலகநாதன் திடுக்கிட்டான். பிறகு சிரித்தான். "இதுக்கா இப்படி மூஞ்சிய வெச்சிருக்கிற? வண்டி எதுக்கு இருக்குது? கடைசிப் படகு மூணு மணிக்குத்தான் கடல் பாலத்தை வுட்டுக் கப்பலுக்குக் கிளம்பும். காலையிலேயே போயிடலாம்."

நல்ல மனிதன் அவன். அதில் அவளுக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை.

வியாழக்கிழமை காலை அவள் குளித்துத் தலை சீவி வாசலுக்கு வந்தபோது, வண்டியின் பின் ஆசனத்தில் விருத்தாம்பாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், அவளைவிடச் சற்றே சிறியதாக, ஒரு பலாப்பழம்.

"அரியூர்ல மாமா இன்னும் வண்டியைப் பாக்கலையாம்" என்றான் உலகநாதன். "அப்படிப் போய், பழத்தைக் குடுத்துட்டு, வில்லியனூர் வழியா டவுனுக்கு. ஒரு எட்டு."

"அது சுத்து வழியாச்சே."

"காலுக்குத்தான் சுத்து. வண்டிக்கு இன்னா?"

ஏறி உட்கார்ந்ததும் அவள் கண் முள்ளுக்குப் போனது.

"முள்ளு படுத்துக்கிட்டு இருக்குதே."

"படுத்தா படுக்கட்டும். டவுன்ல போய் ஊத்திக்கலாம். அடியில எட்டு லித்தர் இருக்குது இல்ல?"

"ஒரு டின்னாவது கையில..."

"டின்னுல எடுத்தா நடுவுல இங்கிலீஷ் சாவடிக்காரன் வரி கேப்பான். தொட்டிக்குள்ள இருக்கிறது எவன் கண்ணுக்குத் தெரியும்?"

"இருக்குதுடி, நீ ஏன் பயந்துக்கிற?" என்றாள் விருத்தாம்பாள், பழத்தைத் தட்டிக்கொண்டே.

இப்போது சொல்லலாம். வாக்கியம் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. ஆனால் சொன்னால் மாமியார் ஒன்று கேட்பாள், அவன் ஒன்று கேட்பான், புத்தகம் வரும், விவாதம் வரும், பொழுது போகும். தவிர, பூச்சியத்துக்கும் உண்மையான பூச்சியத்துக்கும் நடுவில் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்? அவளும் இப்போது இல்லாத பெட்ரோலை நம்ப ஆரம்பித்திருந்தாள். வண்டி கிளம்பிவிட்டது.

வழி நன்றாக இருந்தது. கரும்புக் கொல்லைகள், நடவுக்குக் காத்திருக்கும் சேறு, வண்டியைக் கண்டு வரப்பில் ஏறிக்கொள்ளும் ஆடுகள். பிரெஞ்சு மண், இங்கிலீஷ் மண், மறுபடி பிரெஞ்சு மண் என்று ரோடு மாறி மாறிப் போனது. சாவடியில் சிப்பாய் பலாப்பழத்தை மட்டும் சந்தேகமாகப் பார்த்தான்.

அரியூரில் மாமா வாசலிலேயே காத்திருந்தார். அவரை முன் ஆசனத்தில் உட்கார வைத்து உலகநாதன் ஊரை ஒரு சுற்று சுற்றினான். பிறகு மாமாவின் சம்பந்தியை வைத்து ஒரு சுற்று. சம்பந்தியின் தம்பி தனக்கும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை, வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்கும் ஒன்று. சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். பழத்தை அறுத்தார்கள். அறுத்தவர் எண்ணெய் தடவிக்கொள்ள மறந்துபோய், பால் ஒட்டிய கையோடு அங்குமிங்கும் ஓடினார்.

பவுனம்மாள் தென்னை மரத்தின் நிழல் முற்றத்தைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "போலாமா?" என்று ஒரு தடவை கேட்டாள். "இதோ" என்றான் அவன். அவன் 'இதோ' சொன்னால் அவள் காத்திருப்பாள் என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகமில்லை. அவள் பொறுமை தீர்ந்து போகும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. அவளே சொன்னதில்லை.

ஒருவழியாகக் கிளம்பினார்கள். வில்லியனூர்க் கோபுரம் முன்னால் வந்தது, பக்கவாட்டில் வந்தது, பின்னால் போனது. இனிப் புதுச்சேரிதான் என்று அவள் மூச்சு விட்டாள். இரண்டு பக்கமும் புளியமரங்கள். ஒரு மரத்தடியில் வண்டி இருமியது. இன்னொரு மரத்தடியில் விக்கியது. மூன்றாவது மரத்தின் நிழலில், ரொம்ப மரியாதையாக, ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்ல" என்றான் உலகநாதன். "அடியில இருக்கிறது மேல ஏறல. எறங்குங்க, கொஞ்சம் குலுக்கினா சரியாயிடும்."

இறங்கினார்கள். அவன் ஒரு பக்கம், பவுனம்மாள் ஒரு பக்கம் நின்று வண்டியை ஊஞ்சல் மாதிரி ஆட்டினார்கள். விருத்தாம்பாள் தூர நின்று, "இன்னும் நல்லா ஆட்டுடா, பால் கறக்கிற மாட்டைத் தட்டிக் குடுக்கிற மாதிரி" என்று யோசனை சொன்னாள். தொட்டியில் காதை வைத்துக் கேட்டான். மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்தான். குச்சி, போனபடியே, காய்ந்துபோய் வெளியே வந்தது.

உலகநாதனின் முகம் மாறியது. பவுனம்மாள் அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

"எவனோ எடுத்திருக்கான்."

"யாருடா?"

"வண்டிப் பக்கத்துல படுக்கிறது யாரு? பக்கிரிதான். எட்டு லித்தர்! வூட்டுக்குப் போனதும் அவனை..."

"பாவி" என்றாள் விருத்தாம்பாள். "சோறு போட்ட வூடாச்சே."

பக்கிரி அவர்கள் வீட்டில் மாடு பார்ப்பவர். பெட்ரோல் வாசனை வந்தாலே தும்முவார். ஒரு மனிதர் தம்முடைய மாடுகளோடு எங்கேயோ நிம்மதியாக நின்றுகொண்டிருக்க, இங்கே புளியமரத்தடியில் அவர் திருடனாகிக்கொண்டிருந்தார். பவுனம்மாளின் வாயில் இருந்த கற்கண்டு சட்டென்று கசந்தது.

"பக்கிரி எடுக்கல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எடுக்கிறதுக்கு அதுல எதுவும் இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அவன் கையிலிருந்த குச்சியை வாங்கி, மண்ணில் அந்த இரண்டு எழுத்துகளையும் எழுதினாள்.

"இது யூஸ் இல்லீங்க. அமெரிக்கா பேரு. நம்ம கிருஷ்ணாயில் டின்னுல இருக்குது பாருங்க, அதேதான். டின்னுல அஞ்சுன்னு போட்டிருக்கான், கடைக்காரர் நாலுங்கிறாரு. அமெரிக்காக்காரன் அளவு சின்னது. நீங்க இங்கிலீஷ்காரன் கணக்குல பெருக்கிட்டீங்க. தொட்டி மொத்தமே முப்பத்தெட்டு லித்தர்தான் பிடிக்கும். ஊத்தற அன்னிக்கே நெறைஞ்சிடுது. அடின்னு ஒண்ணு கெடையாது."

உலகநாதன் மண்ணில் இருந்த எழுத்துகளைக் குனிந்து பார்த்தான். குச்சியைத் திருப்பி வாங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். இங்கிலீஷ் நாலுக்குப் பதினெட்டு லித்தர் சொச்சம். அதையே ஐந்தால் வகுத்தான். மூணே முக்கால் கிட்ட வந்தது. பத்தால் பெருக்கினான். எழுத எழுத அவனுடைய கோபம் போய்விட்டதை அவள் பார்த்தாள். கணக்கு சரியாக வந்தால் அவனால் கோபமாக இருக்க முடியாது.

"அட! ஒரே பேருல ரெண்டு..." அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தான். "ரெண்டு ஆளும்மா. இங்கிலீஷ் எமன் குண்டு. அமெரிக்கா எமன் ஒல்லி."

"அதான் பாதி வழியில வுட்டுட்டான்" என்றாள் விருத்தாம்பாள். "குண்டனையே வெச்சிருக்கலாம்."

அவன் மெதுவாக எழுந்தான். இப்போது கணக்கைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"பொங்கலுக்கு முன்னாடியே."

"எங்கிட்டச் சொல்றதுக்கு இன்னா?"

நீங்கள் கேட்கவில்லை என்று சொல்ல வந்தாள். அது சரியான பதில் இல்லை என்று தோன்றியது. அவன் அடியில் எட்டு லித்தர் இருக்கிறது என்று நம்பினான். அந்த நம்பிக்கைக்கு அவள் ஒவ்வொரு நாளும் 'ஓ' என்று ஒரு சொட்டு ஊற்றி வந்தாள். கணக்கைத் தப்பாகப் போட்டது அவன்தான். இந்தப் புளியமரத்தடிக்கு இரண்டு பேருமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

"சொல்லியிருக்கணும்" என்றாள். "இப்ப மணி இன்னா?"

இரண்டு ஆகப்போகிறது.

அந்த நேரத்தில்தான் வில்லியனூர்ப் பக்கமிருந்து ஒரு புஸ்புஸ் வண்டி வந்தது. கோயிலுக்கு யாரையோ கொண்டுவந்து இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தவர் வண்டியை நிறுத்தி, மோட்டாரைச் சுற்றிப் பார்த்து, "இதுக்கும் தள்ளுறதுக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டார்.

உலகநாதனுக்கு உயிர் வந்தது. "நல்லதாப் போச்சு. பவுனு, நீயும் அம்மாவும் வண்டியில உக்காருங்க. நான் இதுல போயி பெட்ரோல் வாங்கிக்கிட்டு, இதோ..."

"வேணாம்."

"இன்னா வேணாம்?"

"நீங்க போய்ட்டு வர்றதுக்குள்ள கப்பல் போயிடும். நான் போறேன்."

"தனியாவா? புஸ்புஸ்ல? நீயா?"

"அத்தையை வுட்டுட்டு நீங்களும் வர முடியாது. வண்டியையும் வுட முடியாது. எனக்கு வள்ளியைப் பாக்கணும்னு சொன்னேன். காலையில கெளம்பலாம்னு சொன்னீங்க. இன்னும் பாக்கணும்னுதான் சொல்றேன்."

இவ்வளவு நீளமான பேச்சை அவள் அவனிடம் பேசியதில்லை. பேசி முடித்ததும், மாமியார் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தாள். விருத்தாம்பாள் புஸ்புஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"போறதுன்னா போடி, பேசிக்கிட்டே நிக்கிற. பொழுது போவுது இல்ல? அப்படியே எனக்கு வெத்தலை வாங்கி அனுப்பு."

தள்ளுபவரின் பேர் அந்தோணிசாமி. டவுனிலிருந்து அவரிடமே ஐந்து லித்தர் பெட்ரோல் கொடுத்தனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் பவுனம்மாள் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள், முன்சக்கரத்திலிருந்து ஒரு இரும்புத் தண்டு அவள் மடிவரை நீண்டிருந்தது.

"இது இன்னாண்ணே?"

"அதைப் புடிம்மா. நான் தள்ளத்தான் செய்வேன். திருப்பறது நீதான்."

"எனக்குத் தெரியாதே!"

"எனக்கு முன்னால சரியாத் தெரியாது, உன் முதுகுதான் தெரியும். இடதுன்னா இடது, வலதுன்னா வலது. பள்ளத்தைப் பாத்தா ஒதுங்கு. அவ்வளவுதான் வித்தை."

முதல் வளைவில் ஒரு வாய்க்காலை நோக்கிப் போனார்கள். இரண்டாவதில் ஒரு மாட்டை. அந்தோணிசாமி பின்னாலிருந்து, "அது மாடும்மா, ரோடு இல்ல!" என்று கத்தினார். மூன்றாவது வளைவுக்குள் கைக்கு வசப்பட்டுவிட்டது. தண்டை லேசாக இழுத்தால் போதும், உலகம் அந்தப் பக்கமாகத் திரும்பியது. வியர்வையும் தூசுமாக அவள் முகம் எரிந்தது. கப்பல் போய்விடுமோ என்ற பயம் அடிவயிற்றில் இருந்தது. அதற்கு மேலே, அதற்குச் சம்பந்தமே இல்லாமல், ஒரு சிரிப்பு இருந்தது. எதிரில் வந்த ஒரு ஜட்கா வண்டிக்காரனைப் பார்த்து, "ஒதுங்குங்க!" என்றாள். அவன் ஒதுங்கினான்.

புதுச்சேரித் தெருக்கள் நேரானவை. வெயிலில் யாருமில்லை. கடற்கரைக்குத் திரும்பியபோது நீலத்தில் கப்பல் நின்றிருந்தது, புகையை விட்டுக்கொண்டு. பாலத்தின் முனையில் ஒரு படகு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி ஓடினாள்.

பாலத்து முனையில் ஒரே கூச்சல். படகுக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். வள்ளியின் கணவர் கீழே படகில் நின்று இரண்டு கையையும் நீட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மேலே, ஏணியின் தலையில், ஒரு தகரப்பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வள்ளியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்க மாட்டேன். அது ஆடுது."

"கடல்ல வேற எப்படிம்மா இருக்கும்?" என்றார் ஒரு படகுக்காரர், அழாத குறையாக.

"வள்ளி!"

வள்ளி திரும்பினாள். பெட்டியை விட்டாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க நின்றார்கள்.

"பாத்தீங்களா, இவ வருவான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்!" என்று வள்ளி கீழே பார்த்துச் சொன்னாள்.

"பொய்" என்றார் கணவர். "ஒரு மணி நேரமா ஏணியைப் பாத்து நடுங்கிக்கிட்டு இருக்கா."

"மூஞ்சி எல்லாம் இன்னாடி மண்ணு?" என்றாள் வள்ளி. "யாரு கூட்டிக்கிட்டு வந்தாங்க?"

"நானே வந்தேன்டி. அது பெரிய கதை. எங்க வண்டி இருக்குதே, அது அமெரிக்கா வண்டி, அதுல..."

கப்பல் ஊதியது. படகுக்காரர்களின் பொறுமை தீர்ந்தது. ஒருவர் பெட்டியைத் தூக்கினார், இன்னொருவர் கேட்காமலேயே வள்ளியைத் தூக்கினார். அவள் அலறி முடிப்பதற்குள் படகுக்குள் இருந்தாள். கயிறு அவிழ்ந்தது. துடுப்புகள் விழுந்தன.

பவுனம்மாள் பாலத்தின் கடைசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதற்காகவா இவ்வளவு தூரம்? ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. படகு ஒரு அலை ஏறி இறங்கியது. வள்ளி பயத்தில் கணவரின் சட்டையைப் பிடித்தபடி, பவுனம்மாள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வள்ளி! மீன்குழம்பு நான் வெக்கிறதுடி! அத்தை இல்ல!"

பாலத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குப் பாகூர் பிடிக்கலைடி! அவருகிட்டச் சொன்னதே இல்ல! இன்னிக்குச் சொல்லப்போறேன்!"

காற்று எதிரே வீசியது. அவளுடைய குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. அடிவயிற்றிலிருந்து வந்துகொண்டே இருந்தது. தண்ணீருக்கு மேலே, சின்னதாகிக்கொண்டே போகும் படகில், வள்ளி ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்தாள்.

"கேக்கலைடி! இன்னொரு வாட்டி சொல்லு!"

பவுனம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.